அக்கரைப் பிள்ளைகளின் எடை

அக்கா,

இன்று காலை அலுவலகத்தில் தேநீர்க் கேத்தலுக்கு அடியில் வைக்க ஏதாவது வேண்டுமென்று, சுத்தம் செய்ய வரும் பெண் களஞ்சிய அறையிலிருந்து ஒரு பலகையைத் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு முனையில் குத்துப்பலகை அறைந்த நீளமான பலகை. ஓரத்தில் ஒட்டியிருந்த சென்ரிமீற்றர் நாடாவில் பாதி உரிந்துபோயிருந்தது. கேத்தலின் சூடு பட்டதும் அதிலிருந்து பழைய தேங்காயெண்ணெய் மணம் மெல்லக் கிளம்பியது. எண்ணெய் தேய்த்த குழந்தைகளை வருடக்கணக்காகக் கிடத்தி அளந்த பலகையல்லவா! தலைமாட்டில் நீலப் பேனையால் "இஞ்ச தல" என்று எழுதியிருந்தது. நான் கேத்தலைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அது உங்கள் எழுத்து. உங்களுக்கு நான் எழுதவேண்டிய கடிதம் ஒன்று நீங்கள் இருந்த காலத்திலேயே இருந்தது. அப்போது எழுதவில்லை. அனுப்ப முகவரி இல்லாத இந்த நேரத்தில்தான் எழுத வருகிறது.

நாம் இருவரும் அந்த ஆய்வில் ஒரே கிழமையில் சேர்ந்தோம். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த காலம். நகரத்தில் வாவிக்கரை வீதியில் ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். நான் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு நேராக வந்தவள்; எனக்கு ஒரு கணினியும் குளிரூட்டிய அறையும். உங்களுக்கு ஒரு சைக்கிள், ஒரு தொங்குதராசு, இந்தப் பலகை. என்னைவிட நாலு வயது மூத்தவர் நீங்கள். முதல் நாளே "மிஸ் எண்டு கூப்பிடாதீங்க, கூச்சமா இரிக்கி" என்றீர்கள். அன்றிலிருந்து அக்கா.

கடலையொட்டி நீண்டு கிடக்கும் வாவியின் இரண்டு கரையிலும் சில ஊர்களைத் தெரிந்தெடுத்து, அங்கே பிறக்கும் குழந்தைகள் எல்லோரையும் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்வதுதான் வேலை. எடை குறைந்து பிறக்கும் பிள்ளை வளர்ந்து மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்குமா, பிடிக்காதா என்பது கேள்வி. புத்தகத்தில் இதற்குக் கோஹோர்ட் ஆய்வு என்று பெயர். எங்கள் பேராசிரியர் பயிற்சியின்போது அதை எளிமையாகச் சொன்னார். பிள்ளைக்கு நோய் வந்த பிறகு தாயிடம் போய்ப் பழையதைக் கேட்டால் அவள் தன் குற்றத்தைத் தேடித் தேடி நினைவெடுப்பாள். நோயில்லாத பிள்ளையின் தாயோ எல்லாவற்றையும் மறந்திருப்பாள். இரண்டு நினைவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்தான் மிஞ்சும். ஆகவே எதுவும் நடப்பதற்கு முன்பே எழுதத் தொடங்க வேண்டும், அதே பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். நீங்கள் எழுதவில்லை. "அப்ப நாம போறத நிப்பாட்டினா எல்லாம் முடிஞ்சிரும், என்ன சேர்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

வாவிக்கு மேற்குக் கரை, வெளியூர்க்காரர் அறியாத பெயரில் சொன்னால் படுவான்கரை. அங்கே ஒரு நாள் உங்களோடு நானும் வந்தேன். குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் மண்டூருக்குக் கடந்தோம். பாதை என்றால் எங்களூரில் நடக்கும் பாதையல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அங்கிருந்து வயல் வட்டை நடுவே சைக்கிள் மிதித்து ஒரு வீட்டுக்குப் போனோம். தர்மினி என்ற கைக்குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோ கூட இருக்கவில்லை. நீங்கள் தராசை மாமரக் கிளையில் கட்டினீர்கள். குழந்தையைத் துணித் தொட்டிலில் வைத்துத் தொங்கவிட்டபோது தாய் கேட்டாள்:

"மூண்டு மாசத்துக்கொருக்கா வாறீங்க, நிறுக்கிறீங்க, எழுதுறீங்க. எங்களுக்கு இதால என்ன கா பலன்?"

 பயிற்சியில் தந்த பதில் ஒன்று இருந்தது, எதிர்காலச் சமுதாயம், கொள்கை வகுப்பு என்று. நீங்கள் அதைச் சொல்லவில்லை.

"ஒண்டும் தரமாட்டம் கா. பொய் சொல்லி என்னத்துக்கு? உங்கட புள்ளய மறக்காம வந்து பாப்பம். அது மட்டும்தான்."

தாய் சிரித்துவிட்டாள். எங்களுக்கு மோர் கொண்டுவந்து தந்தாள். அவளுக்கு நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை நான் ஒரு சாமர்த்தியமான பதில் என்று மட்டுமே அப்போது எடுத்துக்கொண்டேன்.

பிறகு சுனாமியாகக் கடல் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிறு காலை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கீற்றாகக் கிடந்த ஊர்களில் எங்கள் ஆய்வுப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் பெற்றோரோடு ஏறாவூர்ப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து அலுவலகக் கதவைத் திறந்தபோது நீங்கள் உள்ளே இருந்தீர்கள். உங்களிடமும் கதவின் திறப்பு ஒன்று இருந்தது. பள்ளிக்கூட முகாம்கள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, எந்தப் பிள்ளை எந்த வகுப்பறையில் தாயோடு இருக்கிறது என்று ஒரு கட்டுப் படிவம் நிரப்பி வைத்திருந்தீர்கள். இறந்த பிள்ளைகளின் படிவங்கள் வேறாகக் கட்டியிருந்தன. தன் கையால் அடக்கம் செய்த ஒருவரோடு பேசாமல் எந்தப் படிவத்திலும் இறப்பு என்று நீங்கள் எழுதவில்லை.

நான் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு படிவத்தில் "தகவல் தந்தவரின் உறவு" என்ற இடத்தில் பெரியம்மா என்று இருந்தது. தகவல் தந்தவரின் பெயர் இருக்கவில்லை. பிழை என்று நினைத்து உங்களைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இதில ஆரிட்டக் கேட்டீங்க எண்டு எழுதல்லயே?"

"சரியாத்தான் கிடக்கு. ஏத்துங்க."

"பேர் வேணும் அக்கா, இல்லாட்டி கணினி எடுக்காது."

நீங்கள் என் தோளுக்கு மேலால் எட்டி, விசைப்பலகையில் ஒரு விரலால் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தீர்கள். நாவலடியில் இருந்த உங்கள் தங்கையின் மகன். தங்கையும் அதே நாளில் போய்விட்டார் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஒரு வருடமும் இரண்டு மாதமுமான அந்தக் குழந்தையை அதற்கு முன் நாலு தடவை எடை நிறுத்தவரும் நீங்கள்தான். அன்று நான் உங்கள் கையைப் பிடித்திருக்கலாம். அடுத்த படிவத்தை எடுத்தேன்.

இரண்டு வருடம் கழிவதற்குள் சண்டை திரும்பிவிட்டது. அக்கரை இயக்கத்திடமும் இக்கரை இராணுவத்திடமும் இருந்ததால் வாவியைக் கடப்பது சிரமமாயிற்று. துறைகளில் சோதனை, சில நாள் பாதை ஓடும், பல நாள் ஓடாது. படுவான்கரைப் பிள்ளைகளை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆய்வுக்கு நிதி தந்தவர்கள் இடைக்கால முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு விதி இருந்தது: மூன்று தடவை முயன்றும் சந்திக்க முடியாத பிள்ளையைத் "தொடர்பு தொலைந்தவர்" என்று குறித்து அந்தக் கோப்பை மூடலாம். ஒரு பிற்பகலில் நான் அக்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் குறியைப் போட்டேன். ஒரு கட்டளையை எழுதினால் போதும், திரையில் ஒரு நிரல் முழுவதும் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

மறுநாள் நீங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு என் அறைக்குள் வந்தீர்கள். கதவைத் தட்டாமல் நீங்கள் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"புள்ள, இதுகள் எங்க தொலஞ்ச? அவடத்ததான் இரிக்கிதுகள். நாமதான் போகல்ல."

"மூண்டு தரம் முயற்சி செஞ்சிட்டமே அக்கா."

"பாதை ஓடாத நாளில துறையடிக்குப் போய்த் திரும்பி வந்தது முயற்சியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆய்விலிருந்து விட்டுப் போனவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால், போனவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் முடிவு கெடாது என்று விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். "ஒரே மாதிரியா?" என்றீர்கள். "இஞ்ச ஆஸ்பத்திரி இரிக்கி, கடை இரிக்கி. அங்க அரிசி போறதில்ல. எப்பிடிக் கா ஒரே மாதிரி?" அது புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். நான் அதில் பரீட்சை எழுதித் தேறியவள். ஆனாலும் போட்ட குறியை மாற்றவில்லை.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "நான் போய்ப் பாத்திட்டு வாறன். ஒரு கடிதம் மட்டும் தாங்க. நான் ஆர், என்னத்துக்குப் போறன் எண்டு. உங்கட கையெழுத்தும் சீலும் போதும்."

பேராசிரியர் கொழும்பில் இருந்தார். அவர் வரட்டும் என்றேன். அவர் எப்போது வருவார் என்று எனக்கே தெரியாது. முத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது, அக்கா. உங்களுக்கும் அது தெரியும். ஏதாவது நடந்து, யாராவது வந்து, இந்தக் கடிதம் கொடுத்தது யார் என்று கேட்டால் என் பெயர் அதில் இருக்குமே என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. அதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நடைமுறை என்றேன்.

நீங்கள் கடிதம் இல்லாமலே போனீர்கள். பாதை ஓடிய ஒரு நாளில் கடந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கி, இரண்டு கிழமை ஊர் ஊராகப் போயிருக்கிறீர்கள். திரும்பி வந்த அன்று மதியம் நேராக அலுவலகத்துக்கு வந்தீர்கள். கால் முழுக்கச் சேறு. தராசு மட்டும் தோளில்.

"முக்காவாசிப் புள்ளயளப் பாத்திட்டன்" என்றீர்கள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நிரப்பின ஃபோம் எங்க அக்கா?"

"வாவிக்குள்ள."

இக்கரைத் துறையில் பைகளைக் கொட்டிப் பார்க்கிறார்கள் என்று பாதையில் வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் ஒரு ஆசிரியரிடம் இருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, இவன் யார், இப்போது எங்கே என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார்களாம். "நம்மட ஃபோமில தகப்பன்ர பேர் இரிக்கி. வீட்டில ஆர் ஆர் இரிக்காங்க எண்டு இரிக்கி. ஆர் இல்ல எண்டும் இரிக்கி. கையில ஒரு கடிதம் இருந்திருந்தா கொண்டு வந்து பாத்திருப்பன். வெறுங்கையோட என்ன சொல்ல? நடுவாவியில நிண்டு ஒவ்வொண்டாக் கிழிச்சித் தண்ணிக்குள்ள உட்டுட்டன்."

கடிதம் என்ற சொல் என்னைச் சுட்டது. அதனால்தான் நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டும். "ரெண்டு கிழமை வேலையைத் தண்ணிக்குள்ள போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, நான் இப்ப என்னத்த வைச்சி எழுத?" அடுத்த அறையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. கதிரையை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள். "எனக்கு எல்லாம் ஞாபகம் இரிக்கி. நான் சொல்றன், நீங்க எழுதுங்க. தர்மினி, பத்துக் கிலோ இருநூறு" என்று தொடங்கினீர்கள்.

"நிப்பாட்டுங்க அக்கா. ஞாபகத்தில இருந்து எழுத ஏலாது. ஞாபகத்த நம்ப ஏலாது எண்டுதானே இந்த ஆய்வே."

நீங்கள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஊர் ஊராக, வீடு வீடாக, பெயரும் எடையுமாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் பேனையைத் தொடவில்லை. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு அது முடியட்டும் என்று இருந்தேன். முடித்துவிட்டு எழுந்தீர்கள். "வேணுமெண்டா தாய்மாருட்டக் கேளுங்க" என்றீர்கள். நான் அதைக் குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாத முடிவோடு நீங்கள் வேலையை விட்டீர்கள். நான் தடுக்கவில்லை.

எங்கள் கட்டுரை வெளிவந்தது. எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் நாலு வயதளவில் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது முடிவு. நல்ல செய்தி, ஆகவே பலர் மேற்கோள் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு கிடைத்தது. நான் விமானம் ஏறிய காலத்தில் படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து ஓடிவந்துகொண்டிருந்தது. நீங்கள் முகாம்களில் தொண்டு வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். பிறகு உங்கள் மார்பில் கட்டி என்று கேள்விப்பட்டேன். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அதற்கு அலுவலகத்துக்கே ஒரு வரி அனுதாபம் அனுப்பினேன். உங்கள் வீட்டுக்கு எழுதவில்லை.

போர் முடிந்த பிறகு திரும்பி வந்தேன். அதே பிள்ளைகளைப் பள்ளிக்கூட வயதில் மறுபடி பார்க்கவேண்டும் என்று பேராசிரியர் விரும்பினார். இம்முறை களத்துக்கு நானே போனேன். பாதையில் பையை யாரும் கேட்கவில்லை. வட்டை பச்சையாக இருந்தது. தர்மினியின் வீட்டில் சுவர் புதிது, மாமரம் இல்லை. தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மற்ற மிஸ் வரல்லயா?"

சொன்னேன்.  அவள் உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்தாள். "ஊர உட்டு ஓடக்குள்ள இதையும் அடையாள அட்டையையும்தான் எடுத்த" என்று என்னிடம் நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் உங்கள் எழுத்து. திகதி, எடை, உயரம், கீழே உங்கள் கையெழுத்து. பத்துக் கிலோ இருநூறு.

"மிஸ்தான் எழுதினவ. ஃபோம் போய்ச் சேரும், சேராம உடும், இது உங்களோட இரிக்கட்டும் எண்டா. எல்லார்ர கொப்பியிலயும் எழுதினவ. ஆராவது வந்து கேப்பாங்க, கவனமா வைங்க எண்டும் சொன்னவ." என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "முகாமில இருந்த காலமெல்லாம் பாத்துட்டு இருந்தம். ஆரும் வரல்ல."

நீங்கள் குத்திப் பேசவில்லை, அக்கா. வழியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

அதன் பிறகு வீடு வீடாகப் போனேன். சில கொப்பிகள் இருந்தன. பல, ஓட்டத்தில் தொலைந்தும் எரிந்தும் போயிருந்தன. கிடைத்தவற்றை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டபோதே முடிவு புரண்டுவிட்டது. அக்கரையில் எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் யாரையும் எட்டிப் பிடிக்கவில்லை, இன்னும் பின்தங்கியிருந்தார்கள். நாங்கள் எழுதிய நல்ல செய்தி, பார்க்க வசதியாக இருந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தி மட்டுமே. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இழுப்பறையில் இருந்த முத்திரையையும்.  அவர் திருத்தக் குறிப்பைத் தானே எழுதினார். உங்கள் பெயர் முதலில் வரவேண்டும் என்றேன், மறுக்கவில்லை. சின்ன எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. முதல் கட்டுரையை வாசித்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தார்களோ தெரியாது.

அதை எடுத்துக்கொண்டு அமிர்தகழியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமாங்கக் கோயில் திருவிழாக் காலம், வீதியெல்லாம் சனம். உங்கள் கணவர் தையல் இயந்திரத்தில் இருந்து எழுந்து வந்து, அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி, உங்கள் பெயரை மட்டும் தேடிப் படித்தார்.

"இத அவ இருக்கக்குள்ள..." என்று தொடங்கி விட்டுவிட்டார்.

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகும்போது வாசல்வரை வந்தார். "உங்களப் பத்திச் சொல்லியிருக்கா. அந்தப் புள்ள ஒரு நாளைக்கு வருவா, வந்தா ஒண்டும் சொல்லிப்போடாதீங்க, பயந்த புள்ள எண்டு சொன்னவ."

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடைமுறை என்று நான் சொன்னபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கதிரையை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, எழுதுங்கள் என்று சொன்னீர்கள்.

எனக்குத் தர்மினியின் எடை மட்டும் நினைவிருக்கிறது, அது முதலாவதாக வந்ததால். மற்றவற்றையும் நீங்கள் சொன்னீர்கள், என் காதில் விழுந்தன. கொப்பி தொலைந்த பிள்ளைகளின் எடை வேறெங்கும் இல்லை. அந்த மதியம் உங்கள் வாயிலிருந்து வந்ததுதான் கடைசி, கேட்கப் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்தி. இப்போதும் சில வேளைகளில் வேலையை நிறுத்திவிட்டு, தர்மினிக்கு அடுத்து நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மூடிய கண்கள் தெரிகின்றன, சேறு காய்ந்த கால்கள் தெரிகின்றன, உதடு அசைவது தெரிகிறது. ஒரு எண்கூட வருவதில்லை.